மூக்கு இல்லாத பெட்டி

தளவாய் செத்துப்போனார் என்று போன் வந்தபோது சேர்மக்கனி முதலில் நம்பவில்லை. முப்பது வருடம் குளிர்சாதன வாயுக் கண்காணிப்பு அலுவலராக இருந்தவர் அவர். மெக்கானிக்குகளைப் பிடிக்க அவர் போடாத வேஷம் இல்லை. பிரிட்ஜ் ரிப்பேர் என்று ஆள் விட்டு ஒருவனை வரவழைத்து, அவன் குழாயை அறுத்து வாயுவைத் திறந்துவிடும் வரை கட்டிலுக்கடியில் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தவர். செத்த மாதிரி படுத்துக் கிடப்பதும் அவருக்குப் பெரிய காரியம் இல்லை என்றே அவளுக்குப் பட்டது.

"நெசமாத்தானா?" என்று போனில் கேட்டாள்.

"டாக்டர் பாத்துட்டாரு தாயி. பத்து மணிக்கு. வெயிலுதான் காரணம்" என்றார் மறுமுனையில் தளவாயின் தம்பி கொம்பையா. "சீக்கிரம் பெட்டி கொண்டா."

கோவில்பட்டியில் அந்த வருடச் சித்திரை நாற்பத்தேழு டிகிரியைத் தொட்டிருந்தது. ஐஸ் பெட்டி இல்லாமல் ஒரு சாவு வீடும் அரைப் பொழுதைத் தாண்டாது. சேர்மக்கனி வாடகைக்கு விடுவது அதைத்தான், ஆள் நீளப் பெட்டி. மேலே கண்ணாடி மூடி, உள்ளே உடல், கால்மாட்டுக்குக் கீழே இயந்திரம். முன்பெல்லாம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்த பெட்டிகள் இப்போது ஐந்து நாள், ஆறு நாள் நிற்கின்றன. விமானத்தில் பறக்க ஆயுளுக்கு இத்தனை முறைதான் என்று ஆளாளுக்கு அளவு வைத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அந்த அளவைக் கல்யாணத்துக்கும் தேன்நிலவுக்கும் தீர்த்துவிட்டு, பெற்றவர்கள் சாவுக்குக் கப்பலில் வருகிறார்கள். தளவாயின் ஒரே மகன் இசக்கியப்பன் மொம்பாசாவில் இருந்தான். கப்பல் தூத்துக்குடி வந்து சேர ஆறு நாள்.

தளவாய் செத்ததில் சேர்மக்கனிக்கு வருத்தம் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்வதற்கில்லை. பதினாலு வருடமாகச் சுமந்த கோபத்தைக் கடைசிவரை அந்த ஆள் முகத்துக்கு நேராக இறக்க முடியாமல் போயிற்றே என்ற எரிச்சல்தான் இருந்தது.

அவள் புருஷன் செல்லத்துரை அந்த வட்டாரத்திலேயே கைராசியான மெக்கானிக். ஏசி மாட்டும்போது குழாயை இறுக்குவதற்கு முன் கொஞ்சம் வாயுவைப் புஸ்ஸென்று வெளியே விடுவார். உள்ளே நிற்கும் காற்றைத் தள்ள அது சுருக்கு வழி. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்ததுதான். 'மூச்சு விடுறது' என்று அதற்குப் பெயர். அந்த வாயுவுக்கு அரசு தடை போட்ட பிறகும் கை கேட்கவில்லை. பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் செல்லத்துரை ஒரு மூச்சு விட்டபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தளவாய் எழுந்து வந்தார். இருநூறு கிராம் என்று எழுதினார். ஆறு மாதம் உள்ளே. வெளியே வந்த செல்லத்துரை அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை. உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். இரண்டாம் கோடையில் வெயில் அடித்து அங்கேயே விழுந்தார். அவரைக் கொன்றது தளவாய்தான் என்பதில் சேர்மக்கனிக்குச் சந்தேகமே இல்லை. வெயில் ஒரு சாக்கு.

இருந்தாலும் தொழில் தொழில்தான். இரண்டாம் நம்பர் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

தளவாயின் மனைவி கோமதி முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டு வயது, அழுது முடித்து அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்ட முகம். பெட்டியை வைத்து, உடலைக் கிடத்தி, மின்சாரம் கொடுத்ததும் இயந்திரம் முனகத் தொடங்கியது. கோமதி எழுந்துபோய்க் குத்துவிளக்கை எடுத்துவந்து, தலைமாட்டில் தரையில் வைத்து ஏற்றினாள்.

இயந்திரம் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் தொனியில், "அருகில் தீ உள்ளது. குளிர்ச்சி நிறுத்தப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு அது?" என்றாள் கோமதி.

"பெட்டிதான்க்கா" என்றாள் சேர்மக்கனி. பெட்டியின் முகப்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்த வலைக்கண்ணைக் காட்டினாள். "இது மூக்கு. ஆறடிக்குள்ள நெருப்பு இருந்தாலும் மோந்துரும், வாயு கசிஞ்சாலும் மோந்துரும். ஒடனே நின்னுரும்."

"நெருப்பு என்ன செய்யும் பெட்டிய?"

"உள்ள ஓடுறது புரொப்பேன். அடுப்பு சிலிண்டர்ல இருக்குல்ல, அந்த வகைதான். மண்ணுக்குள்ளருந்து வர்றது. வெளிய போனாலும் வானத்துக்குக் கெடுதல் இல்ல. ஆனா பத்திக்கிடும். தரையோட தவழ்ந்து போய்ப் பத்தும்."

"முன்ன இருந்த வாயு பத்தாதுல்ல?"

"பத்தாது. ஆனா அதுல ஒரு கிலோ வெளிய போனா, ஆயிரத்தெண்ணூறு கிலோ கரிப்புகை விட்டதுக்குச் சமம். இன்னைக்கு அடிக்கிற வெயிலுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்லுதாக."

"யாரு சொன்னா?"

"ஒங்க வீட்டுக்காரக சொன்னாக. எம்புருசன வண்டியில ஏத்தும்போது."

கோமதி குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அந்தச் சங்கடத்தில் கொம்பையா புகுந்தார். எந்த வீட்டுச் சாவானாலும் அதை நடத்திவைக்கத் தாமே பொறுப்பு என்று நினைப்பவர் அவர். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, பெட்டிக்குப் பொட்டு வைப்பவர்போல, மூக்கின்மேல் தடிமனாக ஒரு பொட்டு அப்பினார்.

"மூக்கு அடைபட்டுள்ளது" என்றது பெட்டி. "சந்தனம், குங்குமம், மஞ்சள் ஆகியவற்றை ஈரத் துணியால் துடைக்கவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

பெட்டி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் வருட ஆயுத பூஜைக்கே தெற்கு மாவட்டங்களில் அத்தனை பெட்டிகளுக்கும் மூக்கில் பொட்டு வைத்துவிட்டார்கள். நல்ல இடம் பார்த்து, நடு நெற்றிபோல அங்கேதான் வைக்கத் தோன்றும். அதன் பிறகுதான் இந்த வாசகத்தைச் சேர்த்தார்கள்.

"அப்ப விளக்க ஆறடி தள்ளி வைப்போம்" என்றார் கொம்பையா.

"ஆறடி தள்ளுனா அது வாசப்படி" என்றாள் கோமதி. "அதத் தலமாடுன்னு யாரு சொல்லுவா?"

"இல்லைன்னா பல்பு விளக்கு இருக்கு. சுடர் மாதிரியே ஆடும். கடையில—"

"கொழுந்தனாரே" என்றாள் கோமதி. சத்தம் போடவில்லை. "நாப்பது வருசம் அவுகளோட இருந்திருக்கேன். இந்த வீட்ல அவுக அனுமதிச்சது ஒரு மின்விசிறி. ஏசி இல்ல, கூலர் இல்ல. ஊருக்குச் சொல்லுத நான் எப்படி வச்சுக்கிடன்னு கேப்பாக. அந்த வெயில்லதான் போயிட்டாக. கடைசியா ஒரு விளக்கு கேக்கேன். எடுக்கிற வரைக்கும் அணையாம எரியணும். எம்மகன் வந்து பாக்கும்போது அது எரியணும். அம்புட்டுத்தான்."

தீப்பெட்டி செய்து நாடு முழுக்க அனுப்பிய ஊர் அது. அந்த ஊரில் ஒரு செத்த மனிதனுக்கு ஒரு குச்சி கிழிக்க வழியில்லை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

கோமதி சேர்மக்கனியைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். "கனி, ஒங்கிட்ட பழைய பெட்டி இருக்குல்ல. அதக் கொண்டா."

"எங்கிட்ட மூணு பெட்டிதான்க்கா."

"நாலு."

"ஆரு சொன்னது?"

"அவுகதான் சொன்னாக. 'நான் போனா கனியோட பழைய பெட்டியில வையி, அதுல விளக்கு வைக்கலாம்'னு."

சேர்மக்கனி உலைமூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்காவது பெட்டி செல்லத்துரை தன் கையால் செய்தது. தேக்குச் சட்டம், உள்ளே நானூறு கிராம் பழைய வாயு, மெக்கானிக்குகள் ட்வென்டி டூ என்பார்களே, அது. மூக்கு கிடையாது. கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி அதை ஒளித்து வைத்திருந்தாள். விளக்கு இல்லாமல் முடியவே முடியாது என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பாள். பதினோரு வருடத்தில் முப்பத்தொரு சாவு. ஊருக்கே தெரியும். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது.

அதைத் தளவாய் ஒருமுறை பிடிக்கத்தான் செய்தார். செல்லத்துரை போன மறுவருடம் டெம்போ கொண்டுவந்து ஏற்றிப்போனார். அவளும் சிறைக்குத் துணி மூட்டை கட்டி வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது, கூடவே ஒரு சான்றிதழும். 'உள்ளே தடை செய்யப்பட்ட வாயு ஏதும் இல்லை.' கீழே தளவாயின் கையெழுத்து. ஓடவிட்டுப் பார்த்தாள்; குளிர்ச்சி அப்படியே இருந்தது. மீட்டரை மாட்டிப் பார்த்தாள். முள் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது. செல்லத்துரை வால்வை ஒளித்துவைத்த இடத்தை அந்தக் கில்லாடியால் கண்டுபிடிக்க முடியவில்லை! புருஷன் போன பிறகு அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். தளவாயைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்டி போன சாவு வீடு ஒன்று விடாமல் வந்துவிடுவார். பதவியில் இருந்தபோதும் வந்தார், ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தால் எடுக்கும் வரை எழுந்திருக்க மாட்டார் என்று சொல்வார்கள். சேர்மக்கனி அதை நின்று பார்த்ததில்லை. அவர் உள்ளே வந்தால் இவள் வெளியே போய்விடுவாள். சொந்தக் கையெழுத்தில் மாட்டிக்கொண்ட மனுஷன், முறைத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறார். எதற்கு? தன் சாவுக்கு ஒரு பெட்டி மிச்சம் இருக்கட்டும் என்றா? ஊரான் ஒரு மூச்சு விட்டால் ஆறு மாதம், தான் போகும்போது மட்டும் விளக்கா? அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பிறகு அந்தக் கொதிப்புக்குள்ளேயே ஒரு குளிர்ச்சியும் வந்தது. இருக்கட்டும். வாழ்நாள் முழுக்க எதை விரட்டினாரோ அதற்குள்ளேயே ஆறு நாள் கிடக்கட்டும்.

"கொண்டாரேன்க்கா" என்றாள்.

கோமதி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பழைய பெட்டி போர்வை போர்த்தி வந்து சேர்ந்தது. விளக்கு தலைமாட்டில் தரையில் எரிந்தது. பெட்டி யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மறுநாள் கண்காணிப்புத் துறையிலிருந்து நான்கு பேர் சீருடையில் வந்து, மாநிலத்தின் கடைசிச் சட்டவிரோதப் பெட்டியின்மேல் மலர்வளையம் வைத்து, ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அந்த ஒரு நிமிடமும் சேர்மக்கனி மூச்சே விடவில்லை.

வழக்கமாகப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறவள் இந்த முறை போகவில்லை. வெளித்தாழ்வாரத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது, பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்த ஆள் பழைய வாயுவில் குளிர்ந்துகொண்டிருப்பதைத் தினமும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல அவளே வெட்கப்பட்டிருப்பாள், ஆனால் உண்மை அதுதான்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வெளியே அனல்காற்று என்பதால் கொம்பையா எல்லா ஜன்னல்களையும் சாத்தச் சொல்லியிருந்தார். ஆட்கள் சாப்பிட்டுவிட்டு அங்கங்கே சாய்ந்திருந்தார்கள். கூடத்தில் யாரும் இல்லை. சேர்மக்கனி உள்ளே போனபோது இயந்திரத்தின் முனகல் மாறியிருந்தது. கண்ணாடியில் படிந்திருந்த பனி, கால்மாட்டுப் பக்கம் கரைந்து நீராக வழிந்தது.

கசிகிறது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. செல்லத்துரை பற்றவைத்த இணைப்பு கசியாது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாளே, அதுதான்.

எங்கே கசிகிறது என்று பார்க்கச் சோப்பு நுரை போடலாம். ஆனால் செல்லத்துரை அதற்கு ஒரு சுருக்கு வழி வைத்திருந்தார், அது அவள் கைக்கும் பழகியிருந்தது. விளக்குத் திரியின் நுனியில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, சுடரைக் குழாயோரமாகக் கொண்டுபோக வேண்டும். பழைய வாயு கசியும் இடத்தில் சுடர் பச்சையாகும். அது தானாகப் பற்றாத வாயு என்பதால் பயமே இல்லை. பச்சை தெரிந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

பையிலிருந்த மின்கம்பியில் ஒரு இழை உருவி, குத்துவிளக்கின் ஒரு திரியில் சுற்றினாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய்க் குந்தினாள். இயந்திரக் கூண்டின் மூடியை நகர்த்தி, சுடரை இணைப்புக்குக் கீழே பிடித்தாள்.

சுடர் பச்சையாகவில்லை. நீண்டது.

மஞ்சளாக, முழ நீளத்துக்குக் குழாயோரமாக ஓடி, இணைப்பில் ஒட்டிக்கொண்டு புஸ்ஸென்று எரிந்தது. ஒரு கணம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. அடுத்த கணம் எல்லாம் விளங்கியது, ஆனால் அதற்கு முன்பே கை வேலை செய்தது. உள்ளங்கையால் விளக்கின் சுடர்களை அழுத்தி அணைத்தாள். மாலைகளுக்குத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்த வாளியில் முந்தானையை முக்கி, இணைப்பின்மேல் அப்படியே பொத்தினாள். சுவிட்சைக் காலால் உதைத்து அணைத்தாள். புகையும் கருகிய எண்ணெய் வாசனையும் எழுந்தன. அதன் பிறகு கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

நிமிர்ந்தால் சமையலறை வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் அணைந்த விளக்கைத்தான் பார்த்தாள்.

"அணைச்சிட்டியே கனி" என்றாள்.

"ஜன்னலத் தொறங்க. அப்புறம் பேசுங்க. ஜன்னலத் தொறங்கக்கா!"

கோமதி திறந்தாள். ஒவ்வொன்றாக ஆறையும் திறந்தாள். அனல்காற்று கூடத்துக்குள் வந்து மாலைகளை அசைத்தது. சேர்மக்கனி எரிந்த கையை வாளிக்குள் விட்டபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல இருக்கது பழைய வாயு இல்ல" என்றாள். "புரொப்பேன். ஆரு மாத்துனா?"

கோமதி அவளுக்கு எதிரே மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு வாயு, கீயு தெரியாது. ஆனா இந்தப் பெட்டி ரெண்டு நாளு எங்க பின்கட்டுல கெடந்துச்சு. பதினோரு வருசம் இருக்கும். அவுக பனியனோட உக்காந்து என்னத்தையோ அறுத்தாக, ஒட்டுனாக. ஆபீஸ்ல இருக்க வேண்டியத இங்க ஏன் வச்சிருக்கீகன்னு கேட்டேன். 'ஒடைக்கத்தான் கொண்டாந்தேன், கை வரல'ன்னாக. 'செல்லத்துரை செஞ்ச பெட்டி'ன்னாக."

"மீட்டர்ல ஒரு மாத்தமும் இல்லையே" என்றாள் சேர்மக்கனி, கோமதியிடம் இல்லை, தனக்கே. பிறகு அவளே பதிலும் சொன்னாள். "ரெண்டு வாயுவும் ஏறக்கொறைய ஒரே அழுத்தம் காட்டும். எட போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நான் என்னைக்கு எட போட்டேன்?"

சான்றிதழ் நினைவுக்கு வந்தது. 'உள்ளே தடை செய்யப்பட்ட வாயு ஏதும் இல்லை.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சிரிப்பு வந்தது, ஆனால் இந்தத் தடவை அது நன்றாக இல்லை. "எம்புருசன் காத்துல விட்ட இருநூறு கிராமுக்கு ஆறு மாசம். இவுக மூக்கு இல்லாத பெட்டியில புரொப்பேன அடைச்சி, விளக்குக்குப் பக்கத்துல முப்பத்தொரு வீட்ல வச்சிருக்காக. நாந்தான் கொண்டுபோய் வச்சேன். எனக்கே தெரியாம. ஒரு வீடு பத்தியிருந்தா? அதுக்கு எத்தன மாசம்க்கா?"

"அதான் அவுக போவாகள்ல" என்றாள் கோமதி.

"எங்க?"

"ஒவ்வொரு வீட்டுக்கும். நீ பெட்டி குடுத்த வீடு எல்லாத்துக்கும். காய்ச்சல்லகூடப் போனாக. இது என் டூட்டின்னாக. ரிடையர் ஆனவுகளுக்கு என்ன டூட்டின்னு நான் சண்ட போட்டிருக்கேன். ரெண்டு மூணு சாவுக்கு நானும் போயிருக்கேன். போனதும் மொத வேல ஜன்னலத் தொறப்பாக. விளக்கத் தரையில வச்சிருந்தா எடுத்து முக்காலியில வைப்பாக. ஒரு துண்ட நனைச்சி மடியில போட்டுக்கிடுவாக. வெக்கைக்குன்னு நெனைச்சேன். கால் மணிக்கொருக்க எந்திரிச்சு அந்த இயந்திரத்துகிட்டப் போயி சட்டைப் பையில இருந்து என்னமோ எடுத்து நீட்டிப் பாத்துட்டு வந்து உக்காருவாக. ரெண்டு நாளானாலும் மூணு நாளானாலும் ஒறங்க மாட்டாக."

சேர்மக்கனி வாளியிலிருந்து கையை எடுத்தாள். தரையில் விளக்கு இருந்த இடத்தைப் பார்த்தாள். சாத்திக் கிடந்து இப்போது திறந்திருக்கும் ஆறு ஜன்னல்களைப் பார்த்தாள். தரையோடு தவழ்ந்து போய்ப் பத்தும் என்று கோமதியிடம் அவளே சொன்னது செவ்வாய்க்கிழமை. இந்தப் பெட்டிக்கு மூக்கு இல்லாமல் இல்லை. பதினோரு வருடமாக அது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இந்த ஒரு சாவுக்குத்தான் இல்லை, ஏனென்றால் அது உள்ளே படுத்திருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். குரல் உடைந்துவிட்டது, மறைக்க அவள் மெனக்கெடவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உக்காந்திருப்பேனே."

"சொன்னாக" என்றாள் கோமதி. தலையைக் குனிந்துகொண்டாள். "அவுக சொன்னதுல பாதியத்தான் நான் ஒங்கிட்டச் சொன்னேன். 'கனியோட பெட்டியில வையி, விளக்கு வைக்கலாம். ஆனா கனியப் பக்கத்துலயே உக்காரச் சொல்லு, அவளுக்கு ஒரு எழுத்து எழுதி வச்சிருக்கேன், அதக் குடு'ன்னாக. செவ்வாக்கெழம சமையக்கட்டுல வச்சு அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒம் மொகத்தப் பாத்தேன். ஒம் புருசனக் கொன்னவருக்குப் பக்கத்துல ஆறு நாளு உக்காருன்னு எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேக்க? எனக்கு வாய் வரல கனி. எழுத்தையும் பிரிக்கல. மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாக, அத நீ கிழிச்சுப் போட்டா எனக்குத் தாங்காதுன்னு உள்ள வச்சிட்டேன்."

உள்ளே போய்த் துணிப்பெட்டியின் அடியில், சேலைகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வந்தாள். மடித்த ஒரு தாள். சேர்மக்கனி எரியாத கையால் பிரித்தாள். மன்னிப்பு ஒன்றும் இல்லை. அலுவலகக் குறிப்புபோல எண் போட்டு எழுதியிருந்தது. வாயு மாற்றிய தேதி. நூற்று எழுபது கிராம். இணைப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும். ஜன்னலைத் திறந்து வைக்கவும். விளக்கைத் தரையில் வைக்க விடாதே. கடைசி வரியில் மட்டும் எண் இல்லை: செம்புக் கம்பி சுற்றிச் சுடர் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடு, செல்லத்துரைக்கு அது உண்டு, உனக்கும் இருக்கும்.

இரண்டு முறை படித்தாள். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற மனிதனை இன்னும் கொஞ்ச நாள் வெறுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். வெறுப்பு குறையவில்லை. ஆனால் அது தனியாகவும் இல்லை.

கொம்பையா கொட்டாவி விட்டபடி உள்ளே வந்தார். "ஏன் ஜன்னலத் தொறந்து போட்டிருக்கீக? விளக்கு எங்க? அய்யய்யோ, விளக்கு அணைஞ்சுபோச்சா!"

"நாந்தான் அணைச்சேன்" என்றாள் சேர்மக்கனி. "திரும்ப ஏத்துவோம். அதுக்கு முன்னாடி ஒரு முக்காலி கொண்டாங்க."

இணைப்பை இறுக்கினாள். இந்த முறை சோப்பு நுரை போட்டாள். குமிழி வரவில்லை. அரை மணி நேரம் காற்று ஓடவிட்டு, சுவிட்சைப் போட்டாள். மிச்சமிருந்த வாயு போதுமானதாக இருந்தது. கால்மாட்டுக் கண்ணாடியில் மெல்லப் பனி படிந்தது. முக்காலியில் விளக்கை வைத்து கோமதி ஏற்றினாள். அணைந்தது அணைந்ததுதான் என்று கொம்பையா முணுமுணுத்தார். பெட்டிக்குள் இருந்தவரைக் காட்டி, அவுக இருக்கும்போதுதான் அணைஞ்சது, அவுக பாத்துக்கிடுவாக என்று கோமதி சொன்னதும் அடங்கிவிட்டார்.

தாழ்வாரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சேர்மக்கனி இழுத்து வந்து தலைமாட்டில் போட்டாள். உட்கார்ந்தாள்.

"ஒரு துண்டு நனைச்சிக் குடுங்கக்கா" என்றாள்.

திங்கள்கிழமை காலை இசக்கியப்பன் துறைமுகத்திலிருந்து நேராக வந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுது தேறிய பிறகுதான் நாற்காலியில் இருந்தவளைக் கவனித்தான். கையில் கட்டு, கண்ணெல்லாம் சிவப்பு, மடியில் ஈரத்துண்டு.

"இவுகதான் ஆறு நாளும் அப்பா பக்கத்துல இருந்தாகளா?" என்று அம்மாவைக் கேட்டான்.

"ரெண்டு நாளுதான் தம்பி" என்று சேர்மக்கனியே பதில் சொன்னாள். "மொத நாலு நாளும் பக்கத்துல ஆரும் இல்ல." எழுந்து ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

பழைய பெட்டி இப்போதும் போகிறது. விளக்கு கேட்டு யாராவது அழுதுகொண்டு வந்தால் கொடுக்கிறாள். வண்டியில் பெட்டியை ஏற்றிய பிறகு, அதன்மேல் ஒரு முக்காலியையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏற்றுகிறாள்.